பேரிங் வண்டி ஓட்டிய தலைமுறைக்கு ஸ்கேட்போர்டு: வாங்குவது முதல் பார்க்கில் இறங்குவது வரை

முப்பது வயதுக்கு மேல் ஸ்கேட்போர்டில் ஏறலாமா? தாராளமாக ஏறலாம். பிள்ளைக்கு வாங்கப் போய்த் தனக்கும் ஆசை வந்து நிற்கிற அப்பா அம்மாக்கள்தான் இதை அதிகம் கேட்கிறார்கள், அவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன், கல்லூரிப் பிள்ளைகள் படித்தாலும் பயன்படும்.

அந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்பது சின்ன வயதில் பேரிங் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும். லாரி ஒர்க்‌ஷாப்பில் கழற்றிப் போட்ட பேரிங்குகள், ஒரு பலகை, முன்னால் ஒரு குறுக்குக் கட்டை, அதன் நடுவே ஒரு போல்ட், திருப்புவதற்கு இரண்டு முனையிலும் கயிறு. சிமெண்ட் ரோட்டில் அது போடுகிற சத்தத்துக்குத் தெருவே வெளியே வந்து திட்டும். 1940களிலும் 50களிலும் கலிஃபோர்னியாப் பிள்ளைகள் செய்ததும் கிட்டத்தட்ட இதே வேலைதான். பழைய ரோலர் ஸ்கேட்டைப் பிரித்து, சக்கரத்தைப் பலகைக்கு அடியில் ஆணி வைத்து அடித்து, பிடித்துக்கொள்ள முன்னால் ஒரு பழப்பெட்டியையும் வைத்து ஓட்டினார்கள். பெட்டியை எடுத்துவிட்டு நின்றபடி ஓட்டியதுதான் ஸ்கேட்போர்டு. முதலில் இரும்புச் சக்கரம், அப்புறம் களிமண் கலவைச் சக்கரம், இரண்டுமே சின்னக் கல் தட்டினாலும் ஆளைத் தூக்கி எறியும். 1970களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வொர்தி பாலியூரிதேன் சக்கரத்தைக் கொண்டுவந்த பிறகுதான் தரையைப் பிடித்துத் திரும்பவே முடிந்தது. பேரிங் மட்டும் இன்றைக்கும் நம் பழைய நண்பன்தான், அளவுதான் சின்னது: வெளிவட்டம் 22 மில்லிமீட்டர், துளை 8 மில்லிமீட்டர், 608 என்று கேட்டால் பேரிங் கடையில் எடுத்துக் கொடுப்பார்கள். பிள்ளைகள் கையில் சுழன்றுகொண்டிருந்த ஃபிட்ஜெட் ஸ்பின்னரின் நடுவில் இருந்ததும் பெரும்பாலும் இதே பேரிங்தான்.

சரி, வேலைக்கு வருவோம்.

போர்டு வாங்குவது

பொம்மைக் கடையில் கார்ட்டூன் படம் போட்டுத் தொங்குகிறதே, அதை வாங்காதீர்கள். பிள்ளைக்கும் வாங்காதீர்கள், பிள்ளைக்குத்தான் முக்கியமாக வாங்கக் கூடாது. பழைய ஞாபகத்தில் அதை எடுத்துக்கொண்டு வந்து, இரண்டு நாள் விழுந்து எழுந்துவிட்டு, இது நமக்கு வராது என்று மூலையில் வைத்துவிடுகிறார்கள். வராதது அவர்களுக்கு அல்ல. அந்த போர்டில் யார் ஏறினாலும் வராது, ஏனென்றால் அது திரும்பாது, உருளாது, பெரியவர் எடையையும் தாங்காது.

நல்ல போர்டைக் கடையிலேயே கண்டுபிடித்துவிடலாம். முதலில் பலகையின் ஓரத்தைப் பாருங்கள், மெல்லிய மர அடுக்குகள் கோடு கோடாகத் தெரிய வேண்டும், வழக்கமாக 7 அடுக்கு மேப்பிள் மரம் இருக்கும். அடியில் சக்கரத்தைத் தாங்குகிற டிரக் உலோகத்தில் இருக்க வேண்டும், பிளாஸ்டிக் என்றால் அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். சக்கரத்தைத் தட்டிவிட்டால் சட்டென்று நிற்காமல் சுற்ற வேண்டும். மேலே கிரிப் டேப் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக இருக்கும், விரலால் தடவினால் பளபளப்பாக வழுக்குவது விளையாட்டுச் சாமான். கடைசியாக, போர்டைத் தரையில் வைத்து ஏறி நின்று, பாதத்தை ஒரு பக்கம் அழுத்துங்கள், டிரக் கொஞ்சம் சாய்ந்து கொடுக்க வேண்டும். ஆட்டமே இல்லை என்றால் நட்டைத் தளர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள், அப்போதும் சாயவில்லை என்றால் வேண்டாம்.

அகலம் பெரியவர்களுக்கு 8 அல்லது 8.25 அங்குலம் போதும், ஷூ பெரிய சைஸ் என்றால் 8.5. நீளம் 31, 32 அங்குலத்துக்கு வரும், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. சக்கரத்தில்தான் நம் ஊருக்கென்று கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஸ்கேட்போர்டு ஓட்டவென்றே சரிவுகளோடு கட்டிய பார்க்கில் ஓட்டுகிறவர்கள் போடுவது 52 முதல் 54 மில்லிமீட்டர் விட்டமும் 99ஏ கடினமும் உள்ள சக்கரம், ஏ-க்கு முன்னால் இருக்கிற எண் கூடக் கூடச் சக்கரம் கடினம். வழவழப்பான காங்கிரீட்டில் அது அருமையாக ஓடும், நம் தெருவின் ஜல்லி பெயர்ந்த ரோட்டில் பல்லே ஆடும். பக்கத்தில் பார்க் இல்லாதவர்கள் முதலில் 78ஏ முதல் 87ஏ வரையிலான மென்மையான சக்கரம் போட்டு, அபார்ட்மெண்ட் வளாகத்திலோ பள்ளிக்கூட பாஸ்கெட்பால் கோர்ட்டிலோ பழகிவிட்டு, பார்க்குக்குப் போகத் தொடங்கியதும் கடினமான சக்கரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். சக்கர நட்டுக்கு 13 ஸ்பானர் போதும், சாவிக்கொத்து மாதிரி கையில் வைத்துக்கொள்ள ஸ்கேட் டூல் என்றே தனியாகவும் விற்கிறார்கள்.

ஏபெக் எண் பெரிதாக இருந்தால் போர்டு வேகமாகப் போகும் என்று கடைக்காரர் சொன்னால் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள். அது பேரிங் எவ்வளவு துல்லியமாகச் செய்யப்பட்டிருக்கிறது என்பதற்கான எண், புதிதாகக் கற்பவருக்கு அதில் ஒரு வித்தியாசமும் தெரியாது.

ஹெல்மெட்டையும் மணிக்கட்டுக் காப்பையும் போர்டோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். விழுகிறபோது எல்லோருக்கும் கை தானாக முன்னால் போகும், வளர்ந்தவர் எடை முழுவதும் மணிக்கட்டில் இறங்கும், புதியவர்களுக்கு எலும்பு விடுவது அதிகமும் அங்கேதான். முழங்கால் காப்பு, ராம்ப் என்கிற வளைந்த சரிவுக்குப் போகும்போது கட்டாயம். ஷூ தட்டையான ரப்பர் அடி உள்ள கேன்வாஸ் ஷூவாக இருக்கட்டும். ஓட்டப்பயிற்சி ஷூவில் குதிகால் உயரமாக, மெத்தென்று இருப்பதால் போர்டு காலுக்குக் கீழே என்ன செய்கிறது என்பதே தெரியாது. செருப்போடு ஏறவே ஏறாதீர்கள்.

முதல் சில நாள்: நிற்பது, தள்ளுவது, நிற்பாட்டுவது

எந்தக் கால் முன்னால் என்பதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பின்னாலிருந்து யாராவது திடீரென்று மெல்லத் தள்ளினால் எந்தக் காலை எடுத்து வைக்கிறீர்களோ பெரும்பாலும் அதுதான் முன்கால். இடது கால் முன்னால் என்றால் ரெகுலர், வலது என்றால் கூஃபி. இரண்டில் எதுவும் சரி தப்பு கிடையாது. குழப்பமாக இருந்தால் இரண்டு விதமாகவும் நின்று பாருங்கள், உடம்பே சொல்லிவிடும்.

போர்டைப் புல்தரையிலோ ஒரு பழைய கால்மிதியிலோ வைத்து, உருளாதபடி நின்று பழகுங்கள். மேலே தெரிகிற எட்டு போல்ட்டுகளில் முன்னால் நாலு, பின்னால் நாலு. கால் இரண்டும் அந்தப் போல்ட்டுகளுக்கு மேலே, முழங்கால் மடங்கி, பார்வை போகிற திசையில். காலைப் பார்த்துக்கொண்டே நின்றால் தலை முன்னால் சாயும், தலை போகிற பக்கம் உடம்பும் போகும்.

அடுத்தது தள்ளுவது. முன்காலை முன் போல்ட்டுகள் மேல் நேராக, விரல்கள் போகும் திசையைப் பார்த்தபடி வைத்து, முழங்காலை நன்றாக மடக்கி, பின்காலால் தரையைத் தள்ள வேண்டும். எடை முழுக்க முன்காலில். உருண்டதும் பின்காலைப் பின் போல்ட்டுகள் மேல் வைத்து, முன்காலைப் பக்கவாட்டுக்குத் திருப்பிக்கொள்ளலாம். முன்காலால் தள்ளி, பின்காலில் எடை வைத்து ஓட்டுவதற்கு மாங்கோ என்று பெயர். முதல் நாள் அது சுலபமாகத் தோன்றும், ஆனால் போர்டின் முன்பக்கம் கட்டுப்பாட்டில் இருக்காது, பழகிவிட்டால் மாற்றுவது பெரும்பாடு. அதனால் தொடக்கத்திலேயே தவிர்த்துவிடுங்கள்.

நிற்பாட்டத் தெரியாமல் வேகம் எடுக்கக் கூடாது, இதில் விட்டுக்கொடுக்கவே முடியாது. பின்காலை மெல்லத் தரையில் உரசவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக எடையை அதில் ஏற்றினால் நின்றுவிடும். வேகம் குறைவு என்றால் போர்டிலிருந்து இறங்கி நாலு எட்டு ஓடிவிடலாம். சரிவில் இறங்குவதெல்லாம் இது கைவந்த பிறகு. வண்டி போகிற ரோட்டுக்கு எப்போதுமே போர்டை எடுத்துப் போகாதீர்கள்.

திரும்புவதில் இரண்டு வகை. குதிகாலையோ விரல்களையோ அழுத்திச் சாய்ந்தால் பெரிய வளைவாகத் திரும்பும். டெயிலை, அதாவது பின்பக்க வளைவை, லேசாக அழுத்தி முன்சக்கரத்தை ஓர் அங்குலம் தூக்கித் தோளைத் திருப்பினால் சட்டென்று திரும்பும், அது கிக்டர்ன். ராம்ப்பில் ஏறித் திரும்பி வர இந்த இரண்டாவதுதான் வேண்டும். தரையில் இரண்டு பக்கமும் வருகிற வரை பழகுங்கள்.

விழுவதையும் பழக வேண்டும். போர்டு போய்விட்டது என்று தெரிந்ததும் உடம்பை விறைக்காமல் குனிந்துவிடுங்கள், தரைக்கு எவ்வளவு கிட்டே இருக்கிறோமோ அவ்வளவு அடி குறையும். கையை நேராக நீட்டி ஊன்றாமல், முழங்கையை மடக்கி, தோள்பக்கமாக உருண்டு எழ வேண்டும். புல்லில் பத்துத் தடவை உருண்டு பாருங்கள், பக்கத்தில் பிள்ளைகள் இருந்தால் அவர்களும் சேர்ந்துகொள்வார்கள். காலையில் வெயிலுக்கு முன்னால் போவது நல்லது, ஆனால் பனி ஈரம் காய்ந்திருக்கிறதா என்று கையால் தரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஏறுங்கள். ஓட்டுவதற்கு முன்னால் ஒரு துடைப்பம் எடுத்து இடத்தைக் கூட்டிவிடுங்கள். ஒரு மிளகு அளவு கல் போதும், கடினமான சக்கரம் அதில் முட்டி அங்கேயே நிற்கும், நீங்கள் நிற்க மாட்டீர்கள்.

பார்க்குக்குப் போவது

இதைத் தள்ளிப் போடாதீர்கள். நன்றாக வந்த பிறகு போகிறேன் என்று வீட்டு வாசலிலேயே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் மெதுவாக விட்டுவிடுகிறார்கள். தள்ளவும் நிற்பாட்டவும் திரும்பவும் தெரிந்தால் போதும், பார்க்குக்குத் தகுதி வந்துவிட்டது. ஸ்கேட்போர்டை எந்த வாத்தியாரும் முழுக்கச் சொல்லிக்கொடுப்பதில்லை, பக்கத்தில் ஓட்டுகிறவரைப் பார்த்துத்தான் இந்த விளையாட்டு உலகம் முழுக்கப் பரவியது.

இந்தியாவில் இன்றைக்கு இருக்கிற பார்க்குகளில் பலவும் ஓட்டுகிறவர்கள் தாங்களே காங்கிரீட் குழைத்துக் கட்டியவை. பெங்களூரின் ஹோலிஸ்டோக்ட் குழு இதில் முன்னோடி, தங்கள் ஊரில் தொடங்கி நாட்டின் பல இடங்களில் கட்டியிருக்கிறார்கள். மத்தியப் பிரதேசத்தில் பன்னா பக்கம் ஜன்வார் என்ற கிராமத்தில் 2015இல் உல்ரிகே ரைன்ஹார்ட் என்ற ஜெர்மானியப் பெண்மணி ஒரு பார்க் கட்டினார். அங்கே இரண்டு விதிகள்: பள்ளிக்குப் போகாதவருக்கு ஸ்கேட்டிங் இல்லை, பெண் பிள்ளைகளுக்கே முதலிடம். நம் பக்கம் மாமல்லபுரத்தில் மீனவர் குடியிருப்பில் வளர்ந்த கமலி மூர்த்தி, சின்னப் பெண்ணாக ஃபிராக் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு ராம்ப்பில் இறங்குகிற படத்தை ஸ்கேட்போர்டு உலகின் பெரிய பெயரான டோனி ஹாக்கே பகிர்ந்தார், இப்போது கமலி அலைச்சறுக்குப் போட்டிகளில் பெயர் சொல்லும் வீராங்கனை. வெறுங்காலை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம்.

போனதும் ஏறிவிடாதீர்கள். கால் மணி நேரம் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். யார் எங்கிருந்து தொடங்கி எந்த வழியாகப் போய் எங்கே முடிக்கிறார்கள் என்று தெரியும், அந்தப் பாதைக்கு லைன் என்று பெயர். வரிசை என்று யாரும் நிற்க மாட்டார்கள், ஆனால் முறை இருக்கும், கண்ணைப் பார்த்து, தலையை அசைத்து, ஒருவர் முடித்ததும் அடுத்தவர் இறங்குவார். முறை வருவதற்கு முன் குறுக்கே புகுவதை ஸ்நேக் பண்ணுவது என்பார்கள், எந்த ஊர்ப் பார்க்கிலும் இதற்குத்தான் முதலில் முகம் சுளிப்பார்கள். ராம்ப்பின் மேல் விளிம்பில் இருக்கிற இரும்புக் குழாய்க்குக் கோப்பிங் என்று பெயர், அதில் கால் தொங்கப்போட்டு உட்காரக் கூடாது, பைகளை வைக்கக் கூடாது. போர்டு கைமீறி ஓடினால் உடனே "போர்டு!" என்று சத்தமாகக் கத்த வேண்டும், கூச்சப்பட்டால் யாருடைய காலாவது போகும். விழுந்தால் எழுந்து ஓரத்துக்கு வந்துவிட்டு அப்புறம் அடியைப் பாருங்கள். யாராவது வெகு நேரம் முயன்று ஒரு வித்தையைச் செய்து முடித்தால் சுற்றி நிற்பவர்கள் போர்டைத் தரையில் தட்டுவார்கள், நீங்களும் தட்டலாம், இன்றைக்குத்தான் வந்தோமே என்று நினைக்க வேண்டாம்.

வயதைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே உங்களைவிட நன்றாக ஓட்டுகிறவன் பத்து வயதுப் பையனாக இருப்பான். அவனிடம் போய், "தம்பி, இது எப்படிப் பண்றே, ஒரு தடவை காட்டேன்" என்று கேளுங்கள். காட்டுவான், அதுவும் பெருமையோடு, உங்கள் கால் எங்கே இருக்கிறது என்று குனிந்து தொட்டுத் திருத்துவான், "அங்கிள், பயப்படாதீங்க, முழங்காலை மடக்குங்க" என்பான். டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் ஸ்ட்ரீட் பிரிவில் தங்கம் வாங்கிய மோமிஜி நிஷியாவுக்கு அப்போது 13 வயது. சின்னவர்கள் முன்னே நிற்பது இந்த விளையாட்டில் வழக்கம்தான்.

முதலில் ராம்ப்பின் அடித் தரையில் உருண்டு, சரிவில் கொஞ்சம் ஏறி, அப்படியே பின்னோக்கி இறங்கி வாருங்கள். ஏறும்போது முழங்காலை மடக்கி, இறங்கும்போது நீட்டி அழுத்தினால் காலைத் தரையில் வைக்காமலே வேகம் வரும், ஊஞ்சலில் நின்று உந்துவோமே அதே கணக்கு. இது பம்பிங். டிராப் இன், அதாவது மேலிருந்து இறங்குவதற்கு அவசரப்படுவதற்கு முன்னால் பம்பிங்கை உடம்பில் ஏற்றிக்கொண்டால் ராம்ப் எங்கே வளைகிறது என்பது காலுக்குத் தெரிந்துவிடும்.

டிராப் இன் எல்லோரும் பயப்படுகிற இடம், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். மூன்றடி உயரத்துக்கு மேற்படாத ராம்ப்பைத் தேர்ந்தெடுங்கள். போர்டின் டெயிலைக் கோப்பிங்கின் மேல் வைத்து, பின்காலால் மிதித்து நின்றால் போர்டு முழுக்க அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும், பின்சக்கரங்கள் கோப்பிங்குக்கு அந்தப் பக்கம் ஒட்டியிருக்கும். முன்காலை முன் போல்ட்டுகள் மேல் வையுங்கள், இன்னும் எடை போட வேண்டாம். இந்த நிலையில் மனசு பின்னால் சாயச் சொல்லும். சாய்ந்தால் போர்டு மட்டும் முன்னால் போய்விடும், நீங்கள் முதுகில் விழுவீர்கள், டிராப் இன்னில் விழுகிறவர்களில் அநேகம் பேர் விழுவது இப்படித்தான். செய்ய வேண்டியது நேர் எதிர்: குனிந்து, முன் தோளைக் கீழே கொண்டுபோய், முன்சக்கரம் ராம்ப்பில் 'டக்' என்று அறைகிற மாதிரி முன்காலை மிதித்துவிட வேண்டும். பாதி மிதிப்பது என்று ஒன்று கிடையாது. முதல் சில தடவை எதிரே ஒருவர் நின்று இரண்டு கையையும் பிடித்துக்கொள்ளட்டும், பார்க்கில் கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

ஓலி பற்றிக் கேட்பீர்கள், போர்டோடு சேர்ந்து குதிப்பது. 1970களின் கடைசியில் ஃபுளோரிடாவில் ஆலன் கெல்ஃபாண்ட் சரிவில் கையால் போர்டைப் பிடிக்காமல் எழும்பியதுதான் தொடக்கம், அதைச் சமதரைக்குக் கொண்டுவந்தவர் ராட்னி மல்லன். அதற்கு மாதக்கணக்கில் ஆகும், அவசரமில்லை. ஓலி வராமலே பௌலிலும் (கிண்ணம் மாதிரிக் குழிந்த தளம்) ராம்ப்பிலும் வருடக்கணக்காகச் சந்தோஷமாக ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

போர்டைப் பார்த்துக்கொள்வது

தண்ணீர் ஆகாது. மழையில் ஓட்டினால் மர அடுக்கு ஊறிப் பிரியும், பேரிங் துருப்பிடிக்கும். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் உப்புக்காற்றுக்கும் மணலுக்கும் பயந்து வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள், காரின் டிக்கியில் வெயிலில் கிடக்க விடாதீர்கள். பேரிங் சத்தம் போட ஆரம்பித்தால் கழற்றி, மூடியை எடுத்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் அலசி, நன்றாகக் காயவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு மாட்டலாம். தேங்காய் எண்ணெய் வேண்டாம், தூசியைச் சேர்த்துப் பிசுக்காகிவிடும்.

உங்கள் ஊரில் பார்க் இல்லை என்றால்

அமெரிக்காவின் போர்ட்லேண்டில் பர்ன்சைட் பாலத்துக்கு அடியில் 1990இல் சில பேர் யாரிடமும் கேட்காமல் காங்கிரீட் போட்டு ஒரு சரிவு கட்டினார்கள். அது வளர்ந்து வளர்ந்து பெரிய பார்க் ஆனது, பிற்பாடு மாநகராட்சியே ஏற்றுக்கொண்டது. அங்கே கரண்டி பிடித்தவர்கள் டிரீம்லேண்ட், கிரைண்ட்லைன் என்று பார்க் கட்டும் தொழிலுக்கே போனார்கள். லண்டன் சவுத்பேங்கில் 1970களிலிருந்து ஓட்டிவந்த இடத்தைக் கடைகளாக மாற்றப் போவதாக அறிவித்தபோது, ஓட்டுகிறவர்கள் ஊர் முழுக்கக் கையெழுத்து வாங்கிப் போராடி 2014இல் அதைக் காப்பாற்றினார்கள்.

கேட்காமல் கட்டுங்கள் என்று சொல்ல மாட்டேன், நம் ஊரில் அது இடிபடும். ஆனால் விளிம்பில் போர்டை உரசிச் சறுக்கிப் பழகுகிற ஒரு பெட்டியில் தொடங்கலாம். 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் ஆறடி நீளம், இரண்டடி அகலம், ஓர் அடி உயரத்தில் ஒரு பெட்டி, மேல் விளிம்பில் இரண்டு பக்கமும் இரும்பு எல்-ஆங்கிள், திருகாணித் தலை வெளியே துருத்தாமல் உள்ளே இறங்கியிருக்க வேண்டும். ஆசாரி ஒரே நாளில் செய்து கொடுத்துவிடுவார். அபார்ட்மெண்ட் சங்கத்திடம் ஞாயிற்றுக்கிழமைக் காலை இரண்டு மணி நேரம் மட்டும் கேளுங்கள், ஹெல்மெட் இல்லாமல் யாரும் ஏறக்கூடாது என்று நீங்களே விதி எழுதிக் கொடுத்தால் பாதி எதிர்ப்பு அடங்கிவிடும். பல ஊர்களில் ரோலர் ஸ்கேட்டிங் தளம் இருக்கிறது, அங்கே கோச்சைப் பார்த்துப் பேசுங்கள். இந்தியாவில் ஸ்கேட்போர்டிங்கும் ரோலர் ஸ்கேட்டிங் சம்மேளனத்தின் கீழ்தான் வருகிறது, 2022 தேசிய விளையாட்டுப் போட்டியிலேயே சேர்த்துவிட்டார்கள் என்று எடுத்துச் சொன்னால் காது கொடுத்துக் கேட்பார்கள்.

நாலு பேர் பத்துப் பேரான பிறகு வார்டு கவுன்சிலரிடம் மனு கொடுங்கள். பிள்ளைகளையும் அவர்களுடைய அம்மாக்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். மனுவில் மூன்று விஷயம் கட்டாயம் இருக்கட்டும்: தளம் வழவழப்பான காங்கிரீட்டாக இருக்க வேண்டும், டைல்ஸ் கூடாது. பௌல் தோண்டினால் மழைத்தண்ணீர் வெளியேற வடிகால் வேண்டும். வரைபடம் போடும்போது ஸ்கேட்போர்டு ஓட்டத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் சரிவின் வளைவு தவறி, பார்க்க அழகாக இருக்கிற, யாராலும் ஓட்ட முடியாத ஒன்றைக் கட்டி வைத்துவிடுவார்கள்.